மோதிர விரலில் பாதி

"எங்கம்மா எறங்கறீங்க?" என்று கண்டக்டர் கேட்டதும் சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் கண் முழித்ததிலிருந்து அவளும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காசு கொடுத்து வாங்குகிற டிக்கெட்டாக இருந்திருந்தால் இந்நேரம் ஏதோ ஒரு பக்கம் முடிவாகியிருக்கும். பெண்களுக்குச் சும்மா என்று ஆன பிறகு எல்லா ஸ்டாப்பும் ஒன்றுதான். பெட்ரோல் பங்க் ஸ்டாப்பில் இறங்கினால் கம்பெனி அனுப்புகிற டாக்டர். அங்கே இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்து ஈ.எஸ்.ஐ. ஸ்டாப்பில் இறங்கினால் டாக்டரம்மா. இரண்டிலும் இறங்காமல் காந்திபுரம் வரைக்கும் போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தால்கூட ஏன் என்று கேட்க ஆளில்லை. "காந்திபுரம்னே போட்டுக்குங்கண்ணா" என்றாள். கண்டக்டர் அவள் கையில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்காமலே டிக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். இதுதான் அவளுக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை, நுனி நாக்கு வரைக்கும் வந்த கேள்வியை மனுசர்கள் எப்படித்தான் முழுங்கிவிடுகிறார்களோ! அவளாக இருந்தால் எப்படி ஆச்சு, எத்தனை இடத்தில் உடைஞ்சிருக்கு, ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீங்க, தலையை யார் பின்னி விடறாங்க என்று பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கூடக் கேட்டிருப்பாள். டிக்கெட்டைப் பழக்கதோஷத்தில் வலது கையாலேதான் வாங்கினாள், கட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற விரல் நுனிகளால். வாங்கியதாகத்தான் நினைத்தாள். குனிந்து பார்த்தால் டிக்கெட் மடியில் கிடக்கிறது.

சரி, மறுபடியும் இதுவா என்று அந்த விரல்களையே வேடிக்கை பார்த்தாள். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரிதான் இத்தனை நாட்களாக அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெருவிரலுக்குச் சுத்தமாக ஒன்றும் தெரிவதில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதற்குக் கூட்டு. நேற்று அடுக்களையில் கல்லுப்பு ஜாடிக்குள் விரலை விட்டு நிமிண்டிப் பார்த்தாள், அப்புறம் சர்க்கரை டப்பாவில், அப்புறம் ரவையில். மூன்றும் ஒன்றாகவே இருந்தது, நக்கிப் பார்த்துத்தான் எது எது என்று தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்ற அவள் வீட்டுக்காரர் பழனிவேலு, உனக்கென்ன பைத்தியமா புள்ள என்று கேட்டுவிட்டு ஜாடியை மூடி வைத்தார். சுண்டுவிரல் மட்டும் சமர்த்து, எறும்பு ஊர்ந்தால்கூடச் சொல்லிவிடும். ஆனால் இந்த மோதிர விரல் இருக்கிறதே, இதுதான் அவளைப் போட்டுப் பிடுங்குகிறது. சுண்டுவிரல் பக்கமாகத் தொட்டால் தெரிகிறது, நடுவிரல் பக்கமாகத் தொட்டால் தெரியவில்லை. ஒரே விரல், அதில் பாதி இருக்கிறது, பாதி இல்லை. பேனாவால் நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி, அவ்வளவு கணக்காக. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பழனிவேலுவிடம் சொன்னதற்கு, விரல்ல என்ன பங்காளிச் சண்டையா, ஆளுக்குப் பாதி பிரிச்சுக்க என்று சிரித்தார். அவளும்தான் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது இன்னும் எழுந்து போகவில்லை. பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவளுக்குப் பெருவிரல்தானே எல்லாம்? கம்பி இறுக்கமாகப் போகிறதா, தொளதொளவென்று போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலுக்குத்தான் தெரியும். தொளதொள காயில் உள்ள மோட்டார் யாரோ ஒரு விவசாயியின் கிணற்றுக்குள் போய்ப் புகைந்து நிற்கும். அப்படி இரண்டு திரும்பி வந்தால் போதும், அவளை வைண்டிங்கிலிருந்து எழுப்பிப் பேக்கிங்கில் நிறுத்துவார்கள், அதற்கப்புறம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே ஆயுசு முடியும். டேப்பையாவது பிய்க்க வருமா இந்த விரலுக்கு என்று இப்போதே டிக்கெட் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தாள். வரவில்லை.

பஸ் ஒரு ஸ்கூட்டிக்காரிக்காக நின்று புறப்பட்டது. கம்பெனி டாக்டர் குலசேகரனைக் கெட்டவர் என்று சொன்னால் வாய் அழுகிவிடும், அவ்வளவு பதமாகத்தான் கட்டுப் போட்டார், வலிக்குதாம்மா வலிக்குதாம்மா என்று கேட்டுக்கொண்டேதான் போட்டார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம், கேள்வியையும் அவரே கேட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். வலி குறைஞ்சிருக்குமே, குறைஞ்சிருக்கும். தூக்கம் வருமே, வரும். மாத்திரை ஒத்துக்கிச்சா, ஒத்துக்கும். பரீட்சையில் வாத்தியாரே விடையும் எழுதிக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டாவது தடவை போனபோது, டாக்டர், இந்த மோதிர விரல்ல ஒரு பக்கம் மட்டும் என்று ஆரம்பித்தாள். கட்டு எறுக்கமா இருக்கும், பிரிச்சா சரியாயிரும் என்று அவர் முடித்துவிட்டார். சொன்னதுகூட அவளைப் பார்த்து இல்லை, கூட வந்திருந்த சூப்பர்வைசர் மயில்சாமியைப் பார்த்து. கைக்குச் சொந்தக்காரி இங்கே உட்கார்ந்திருக்க, பதில் அங்கே போகிறது. கம்பெனி ஆட்களுக்கு அங்கே தனிக் கதவு, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, போனோம் வந்தோம் என்று இருக்கும். இன்றைக்குக் கட்டைப் பிரித்து, வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறார், திங்கட்கிழமை அவள் மிஷினில் உட்கார வேண்டும். விரலைப் பார்க்காமலே அதை எப்படி எழுதுவார்? எழுதுகிறவரின் பேனா அவருடைய பெருவிரலுக்குத் தெரியுமே, தெரியாவிட்டால் எழுத முடியுமா, அதையாவது யோசிப்பாரா? கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைப் பார்க்கலாம், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கலாம், டாக்டருக்கு எதைப் பார்த்து வாங்குவது? பக்கத்து வீட்டம்மா வாசலில் நிற்கிற காரைப் பார்க்கிறாள். மாமியார் ஊசி போடுகிறவரா மாத்திரை எழுதுகிறவரா என்று பார்ப்பார், ஊசி போடாதவர் அவருக்கு டாக்டரே இல்லை. பழனிவேலுவுக்கு எந்த டாக்டருமே வேண்டாம், எண்ணெய்க் கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருத்தர் இருக்கிறார், முட்டையும் உளுந்தும் வைத்து மூன்று கட்டில் எலும்பு கூடிவிடும் என்பது அவர் கட்சி. எலும்பு கூடும் சரி, பாதி விரல் கூடுமா என்று கேட்டாள். தோளில் கிடக்கிற துண்டை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னது ரெஜினா. கம்பெனியில் பக்கத்து மிஷின், அவளை விட இளையவள், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். தோள்பட்டை வலி என்று ஒரு தடவை ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசை என்றால் வரிசை, பாதி நாள் போயிற்று, ஆனால் உள்ளே போனால் அந்தம்மா விடவில்லை. என்ன வேலை செய்யறீங்க, எப்படி உக்காருவீங்க, எந்தக் கை மேல எந்தக் கை கீழ, சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க. ரெஜினா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் காற்றில் காயில் சுற்றிக் காட்டினாளாம். வெளியே நின்ற ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து சாந்தாமணிக்கு மனசுக்குள் ஒரு நமைச்சல். தனக்கு ஒரு நாள் தோள் வலிக்காதா என்றுகூட ஒரு தடவை நினைத்தாள், பாவி, வேண்டுவதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா, தோளைக் கேட்டதற்குக் கையையே கொடுத்துவிட்டான் முருகன். அந்தம்மாவிடம் போனால் பாதி விரலைச் சொல்லலாம். ஆனால் அந்தம்மா அதோடு நிற்க மாட்டாரே, எப்படி ஆச்சு என்றும் கேட்பாரே. அங்கேதான் சிக்குகிறது.

எப்படி ஆச்சு என்பதை மயில்சாமி முதல் நாளே முடிவு செய்துவிட்டார். மிஷினடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சுற்றிலும் உடைந்த வளையல், யாரோ கேன் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள், மயில்சாமி ஓடி வந்து பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, வளையலாலதான், நாந்தான் சொன்னனே. அவர் சொல்லவே இல்லை. சுவரில் போர்டுதான் சொல்கிறது, மிஷினில் வளையல், நகை கூடாது என்று. கல்யாணமானவள் கையை மொட்டையாக வைத்துக்கொண்டு எப்படி உட்காருவாள்? அதனால் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்னால், காயிலைக் கட்டுகிற வெள்ளை நூல் டேப் இருக்கிறதே, அதை எடுத்து ஒருத்தி கையில் இன்னொருத்தி வளையலைச் சேர்த்துச் சுற்றிக் கட்டி விடுவாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்கு ஊர்க்கதை நேரம். யார் வீட்டில் சண்டை, யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் அந்த டேப்போடு சேர்ந்து கட்டுப்படும். மயில்சாமி அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமுக்குள் எதையோ தேடப் போய்விடுவார், தினமும் தேடுவார், தினமும் கிடைக்காது. இப்போது டேப்பின் நுனி மிஷினில் மாட்டி மணிக்கட்டை முறுக்கிவிட்டது என்று ஆகிவிட்டது. அதனால் அவர் சொன்னார், பொறுமையாகத்தான் சொன்னார், அவரும் பெண்ணைப் பெற்றவர்தான்: "இத பாரு அம்மிணி, வேலையில அடிபட்டதுன்னு பதிவானா விசாரணைக்கு வருவாங்க. மொத கேள்வியே வளையல் ஏன் போட்டேங்கறதுதான். தப்பு உன்ற மேல வரும். வீட்ல வழுக்கி விழுந்ததா இருக்கட்டும், செலவு பூரா கம்பெனி பாத்துக்கும்." ரெஜினா இதைக் கேட்டுவிட்டுக் குதிகுதி என்று குதித்தாள். வேலையில் அடிபட்டது என்று பதிவானால் வீட்டிலிருக்கிற நாளுக்கும் சம்பளத்தில் பெரும் பங்கு வரும், கை பழையபடி வராமல் போனால் அதற்கும் உண்டு, வழுக்கி விழுந்தவளுக்கு என்னக்கா உண்டு என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் மற்றவளுகள் அப்படிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எல்லோர் வளையலையும் கழற்றிப் பையில் போட்டு ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டார் மயில்சாமி, சாந்தாமணி நல்லபடியாகத் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாம் பழையபடி என்றும் சொல்லி வைத்திருக்கிறார். தினம் ஒருத்தி போன் செய்கிறாள். அக்கா எப்ப வர்றீங்க, எங்க அத்தை கைய கையப் பாக்குதுக்கா. ஒருத்திகூட அக்கா விரல் எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது அவளுக்கு, ரொம்பக் கோபம். அப்புறம் அவளுகளுடைய மொட்டைக் கையை நினைத்துக்கொண்டாள், கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

ஆனால் உண்மையிலேயே எப்படித்தான் ஆச்சு? இது அவளுக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, கை போனவளுக்குத் தெரியவில்லை. படுத்தால் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள், போகும்போதெல்லாம் ஒரே இடத்தில் அறுந்துபோகிறது. கம்பி ஓடுகிறது. காயில் நிறைகிறது. நிறைந்தது, கட்ட வேண்டும், டேப்போடு கை போகிறது. அவ்வளவுதான். அடுத்தது ரெஜினாவின் அலறல், அதற்கடுத்தது மேலே சுற்றுகிற ஃபேன். நடுவில் ஒரு கொஞ்சம் இருக்கிறது, அது எங்கே போயிற்று? டாக்டரம்மா செஞ்சு காட்டச் சொன்னால் என்ன காட்டுவது என்று நினைத்து, சும்மா இருக்காமல், பஸ்ஸிலேயே செய்து பார்த்தாள். இடது கையை வலது கையாக வைத்துக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியை மிஷினாக வைத்துக்கொண்டு. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் கையைப் பார்த்தாள், அப்புறம் செருப்புக் காலைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகக் கீரைப் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். நகர்த்தட்டும். தன்னுடைய நாலாம் நம்பர் மிஷினின் முன்னால் உட்கார்ந்த நினைப்பு வந்ததுமே சாந்தாமணிக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, பழகின ஆளைப் பார்த்த சந்தோஷம். மற்ற மிஷின் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிற மிஷின், காலால் பெடலை மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். நாலாம் நம்பருக்குக் கொஞ்சம் காது மந்தம். செவிடி என்றுதான் அதற்குப் பேரே. காலை எடுத்தால் உடனே நிற்காது, நில்லுடி என்றால் என்னது என்று கேட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். எங்க வீட்டுக்காரர் மாதிரி என்று ஒருத்தி சொல்ல, உன்ற வீட்டுக்காரர் ரெண்டு சுத்துல நின்னுருவாரா என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் சிரிக்க, மயில்சாமி என்னம்மா சிரிப்பு என்று ஸ்டோர் ரூமிலிருந்து எட்டிப் பார்க்க, இப்படிப் போகும். புதிதாக வருகிறவள் அதில் உட்கார்ந்தால் காயிலெல்லாம் கூடக் கூடச் சுற்றிக் கெடுத்து வைப்பாள். சாந்தாமணிக்குத்தான் அது அடங்கும், இன்ன இடத்தில் காலை எடுத்தால் இன்ன இடத்தில் வந்து நிற்கும் என்று அவள் காலுக்கு அத்துப்படி. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டாள். மறுபடியும் செய்து பார்த்தாள். கம்பி ஓடுகிறது, காயில் நிறைகிறது, கை போகிறது. அறுந்துபோயிற்று. பஸ் சிக்னலில் நின்றிருந்தது.

பெட்ரோல் பங்க்கின் நீலக் கூரை தெரிந்தது. அதற்கு எதிரே பேக்கரி, பேக்கரி வாசலில் மயில்சாமி, கையில் டீ கிளாஸ். ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, வீட்டில் யாரும் சொல்லவில்லை போல. பாவமாகவும் இருந்தது. எழுந்திரு சாந்தாமணி, எழுந்தால் சுலபம், தனிக் கதவு, கேள்வி கிடையாது, கட்டு பிரிந்துவிடும், திங்கட்கிழமை ஆணியிலிருந்து எல்லோர் பையும் இறங்கும், எல்லோர் கையும் குலுங்கும். பெருவிரல் என்னாகும்? சரியாயிரும். டாக்டர் சொல்லிவிட்டாரே. சரியாகாவிட்டால்? இது ஒரு கேள்வி, இதற்கும் அவரே பதில் சொல்லிவிடுவார். நினைத்துப் பார்த்தால் அவளுக்கு ஆசையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், யாராவது ஒருத்தர் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தப்பு வளையல் மேல் வந்தாலும் வரட்டும், தன் மேல் வந்தாலும் வரட்டும், நடுவில் அறுந்துபோன அந்தக் கொஞ்சம் என்னவென்று தெரியாமல் எப்படித் திரும்பப் போய் அதே ஸ்டூலில் உட்காருவது? கீரைக்கார அம்மாள் இறங்க எழுந்தாள், சாந்தாமணி காலை மடக்கி வழிவிட்டாள். இறங்கலியா கண்ணு, ஆஸ்பத்திரி இங்கதான என்று அந்த அம்மாள் கேட்டாள், அட, கேட்கிற ஆளும் இருக்கிறது உலகத்தில்! இல்லீங்க, அடுத்த ஸ்டாப்புங்க என்று சாந்தாமணியின் வாய் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பஸ் நகர்ந்தது, ஜன்னலுக்கு நேராக மயில்சாமி வந்தார், பார்த்துவிட்டார், டீ கிளாஸ் வாயருகே அப்படியே நின்றது.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள். மயில்சாமி திட்டவில்லை, திட்டினால்கூடத் தேவலை. என்ன அம்மிணி, ஸ்டாப் தெரியலியா என்றார். தூங்கிட்டேன் என்று சொல்ல ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது, ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்த கண்ணை எப்படித் தூங்கினது என்று சொல்வது? "நான் ஈ.எஸ்.ஐ. டாக்டரம்மாகிட்டப் போறனுங்க சார்" என்றாள்.

"அங்க என்ன சொல்லோணும்னு தெரியுமல்ல?"

"கேட்டா சொல்லுவனுங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆர்டர் தேங்கி நிற்கிறது, அவளுக்காக எத்தனை நாள்தான் நாலாம் நம்பரைக் காலியாகப் போட்டு வைப்பது என்று, காலையில் ரெஜினாவை அதில் உட்கார வைத்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண் எந்தக் காலத்திலும் கையில் வாட்ச் கட்டுவதோடு சரி, வளையல் கிடையாது, ஒரு பயமும் கிடையாது, நீ நிதானமாப் பாத்துட்டே வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபமா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரெஜினா செவிடியிடம் என்ன பாடுபடுகிறாளோ என்று நினைத்து சாந்தாமணிக்குச் சிரிப்புக்கூட வந்தது, ஒரு பொறாமையும் வந்தது, தன் இடத்தில் இன்னொருத்தி. ஈ.எஸ்.ஐ. ஸ்டாப்பில் இறங்கும்போது கண்டக்டர், காந்திபுரம்னீங்களேம்மா என்றார். நினைச்சதுதானுங்க, மாறிருச்சு என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வரிசை ரெஜினா சொன்னதைவிட நீளம். உள்ளே போனபோது டாக்டரம்மா களைத்துப்போய், முடியை ரப்பர் பேண்டில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, பாதி தின்ற பிஸ்கட்டை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். பேசவில்லை, முதலில் கையை வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்குங்க, தொட்டா சொல்லுங்க என்றார். பஞ்சா, ஊசியா, எதால் தொடுகிறார் என்று பார்க்க ஆசையாக இருந்தது, இருந்தும் மூடிக்கொண்டாள். சுண்டுவிரல் தெரியுதுங்க. தெரியுதுங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, தொடுகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம் மோதிர விரலில் ஒரு பக்கம் மட்டும் மெதுவாக, தெரியுதுங்க. "இந்தப் பக்கம் தெரியுது. இந்தப் பக்கம் தொடறேன், தெரியலை. சரிதானே?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா பேசாமல் இருந்தார். காத்திருந்தார்! சாந்தாமணிக்குக் கண்ணை மூடியபடியே அழுகை வந்துவிட்டது, பாதி விரல் இந்த உலகத்தில் இன்னொருத்தருக்கும் தெரிந்திருக்கிறது என்று. மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, அந்த நரம்பு போகிற பாதை அதுதான், மோதிர விரலில் பாதியோடு நின்றுவிடும் என்று டாக்டரம்மா தன் விரலிலேயே கோடு போட்டுக் காட்டினார். திங்கட்கிழமை வேலைக்கு என்கிற பேச்சே கிடையாது, இதைத் தள்ளிப் போட்டிருந்தால் திரும்பியிருக்காது, இப்போதும் முழுசாகத் திரும்பும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வழி இருக்கிறது, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்தார். எப்படி ஆச்சு, சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க.

இதற்காகத்தானே வந்தாள். வளையலிலிருந்தே ஆரம்பித்தாள், எதையும் ஒளிக்கவில்லை, டேப் சுற்றுவதைச் சொன்னாள், அதன் நுனி மாட்டியதைச் சொன்னாள், தப்பு என்னுதுதானுங்க என்றும் சொன்னாள். அப்புறம் ஸ்டூலில் நேராக உட்கார்ந்து, மேஜை விளிம்பை மிஷினாக வைத்துக்கொண்டு, தரையில் கால் பதித்துப் பெடலை மிதித்தாள். கம்பி ஓடுகிறது. காயில் நிறைகிறது. டாக்டரம்மா கையைப் பார்ப்பார் என்று நினைத்தாள், அவரோ குனிந்து மேஜைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க. இன்னொரு தடவை செய்யுங்க." செய்தாள். "கை இன்னும் கம்பிய விட்டுட்டிருக்கு. கால் ஏன் முன்னாடியே மேல வந்துருச்சு?"

சாந்தாமணி குனிந்து பார்த்தாள். செருப்புக் கால் தரையை விட்டு மேலே நின்றுகொண்டிருந்தது, அவள் தூக்கச் சொல்லவே இல்லை. சிரித்துவிட்டாள். "அது பழக்கமுங்க டாக்டர், அந்த மிஷினுக்குக் கொஞ்சம் காது மந்தம், காலை எடுத்தாலும் ரெண்டு சுத்து சுத்தித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சுத்தித்தான் என்பதோடு நின்றுவிட்டாள். காயில் நிறைகிறது. காலை எடுத்தாகிவிட்டது. எப்போதும் வந்து நிற்கிற இடத்தில் நிற்கும் என்று கை டேப்போடு உள்ளே போகிறது. அன்றைக்கு அங்கே நிற்கவில்லை. இரண்டு சுற்று தாண்டி, மூன்று, நாலு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, வளையலைச் சுற்றிய டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அறுந்துபோன அந்தக் கொஞ்சம் இதுதான். எத்தனை வருசமாக அதற்குப் பேர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், ஒருத்திக்காவது அதைச் சரி பண்ணச் சொல்லத் தோன்றவில்லையே, கடவுளே, காலைத்தானே திருத்திக்கொண்டோம். டேப் இல்லாவிட்டால் கம்பி இருக்கிறது, காயில் இருக்கிறது, காலியாகப் போகிற கையையும் இழுக்க அதற்கு எவ்வளவோ இருக்கிறது. அதன் முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பவள் ரெஜினா. ஷிப்ட் முடிகிற வரைக்கும் அவளுடைய போன் கம்பெனிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். சாந்தாமணி தன் போனை எடுத்துப் பழக்கதோஷத்தில் வலது பெருவிரலாலேயே மயில்சாமியின் பேரை அழுத்தினாள், அழுந்தியதா என்று விரலுக்குத் தெரியவில்லை, இடது கைக்கு மாற்றி மறுபடியும் அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டார்.

"சார், வளையலால இல்லீங்க" என்றாள். "மொதல்ல ரெஜினாவ எந்திரிக்கச் சொல்லுங்க."